எண்ணிக்கையில் குறையும் ஆள்

“நோவு வந்தா லீவு குடுப்பாங்களா அண்ணே?” என்று அன்றைக்கு மரியசெல்விதான் கேட்டாள்.

“லீவா?” பெரியதம்பி வாயிலிருந்த கஞ்சியை விழுங்கிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு தங்குவதற்கு அந்த முகத்தில் சதை இல்லை. “நல்லா கேட்டியே தங்கச்சி. நீ காலேஜிக்காரி, உனக்கு லீவு. அங்க ரயில் பாதை வேலையில எங்களுக்கு இன்னா லீவு? பொழுது சாஞ்சதும் கங்காணி தண்டவாளத் துண்டைத் தட்டுவான், மறுநாள் வேலைக்கு ஆளு எண்ண. எல்லாரும் போய் வரிசையா நிக்கணும். எண்ணிக்கை கொறையக் கூடாது.”

“கொறைஞ்சா?”

“மறுபடி மொதல்லேர்ந்து எண்ணுவான். படுத்துக் கெடக்கணும்னா மாத்தாளு குடுக்கணும். தம்பியோ மச்சானோ, ‘இவருக்குப் பதிலா நான் போறேன்’னு அவங்க வாயால சொல்லணும். சொல்லிட்டா முடிஞ்சுது. நாம படுத்துக்கலாம்.”

“யாரு அப்படி ஒத்துக்குவாங்க?”

“உன் மேல உசிர வெச்சிருக்கறவங்களக் கேட்டுப் பாரு. இன்னா ஏதுன்னு கேக்காம சரின்னுடுவாங்க.” அவர் கண்கள் அவள் கையிலிருந்த கரண்டியை விட்டு நகரவில்லை. பிறகு, ஒவ்வொரு சாயங்காலமும் சொல்வதைப்போலவே, “தங்கச்சி, உன்ன ஒண்ணு கேக்கணும்” என்றார்.

ஒவ்வொரு சாயங்காலமும் சொல்வதைப்போலவே அவளும் சொன்னாள். “நாளைக்குக் கேளுங்க அண்ணே. போயிட்டு வரேன்.”

மலாய் நாட்டில், கெடா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடந்த பேச்சு அது. உலகச் சண்டைக் காலத்தில் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்களில் மிஞ்சியவர்கள் வந்து கிடந்த முகாம். சென்னைக் கல்லூரிகளிலிருந்து கோடை விடுமுறையில் தொண்டு செய்யக் கப்பலேறிய மாணவர்களோடு மரியசெல்வியும் போயிருந்தாள். “லீவுக்கு வீட்டுல உக்காந்து மல்லாட்ட உரிக்கறதுக்கு, நாலு பேருக்குக் கஞ்சியாவது ஊத்துவேன் நைனா” என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்று வாங்கிய அனுமதி.

இப்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்ததற்குக் காரணம், சற்று முன்பு கேட்ட சத்தம்.

செஞ்சியில் ஐப்பசி மழை அன்று மத்தியானம்தான் விட்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் நீர் பித்தளை அண்டாவில் விழுந்துகொண்டிருந்தது. ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாசனையும், முற்றத்தில் மூட்டையோடு நனைந்துபோன மல்லாட்டைக் கடலையின் புளித்த வாசனையும், அடுப்பில் முருங்கை விறகு புகையும் வாசனையும் ஒன்றாகக் கலந்து, ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த மரியசெல்வியின் மேல் போர்வையைப்போலக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் ராஜகிரி மலைப் பக்கமிருந்து, மெல்ல, இரும்பின் மேல் இரும்பு பட்டது.

டக். டக். டக்.

பள்ளிக்கூட மணி என்று நினைத்தாள். ஆனால் மழைக்காகப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. தவிரவும் அங்கே தொங்குவது வெண்கல மணி. அடித்தால் நாதம் நீளும். இது நீளவில்லை. பட்ட இடத்திலேயே செத்தது. தண்டவாளத் துண்டின் சத்தம் அவளுக்குத் தெரியும். முகாமில் கஞ்சி வேளைக்கு அதைத்தான் தட்டுவார்கள். தட்டும்போதெல்லாம் கொட்டகையில் கிடப்பவர்கள் எழுந்து நிற்கப் பார்த்து விழுவார்கள். ஆனால் செஞ்சிக்கு ஏது ரயில்? ரயிலைப் பார்க்க வேண்டுமென்றாலே திண்டிவனம் போக வேண்டும்.

“லூர்து, மணிச் சத்தம் கேட்டுச்சா?”

தங்கை லூர்துமேரி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். “எந்த மணி? உன் காதுல கப்பல் சங்கே இன்னும் அடங்கல போல.”

“மலைப் பக்கமா.”

“குரங்கு ஏதாவது தகரத்த உருட்டியிருக்கும். வாயத் தொற.” கட்டில் விளிம்பில் அவள் உட்கார்ந்ததும் கட்டில் ஆடியது, காலில் நெருப்பு ஓடியது. “மாப்பிள்ள பாத்தியாக்கா? அவனவன் பொண்ணுக்குப் பூ அனுப்புவான். எனக்கு வாச்சவரு மூட்டையா மல்லாட்ட அனுப்பறாரு. கழுத்துலயும் மல்லாட்டதான் கோத்துக் கட்டுவாரு போல.”

தொண்டூர் பாக்கியசாமிக்கும் லூர்துவுக்கும் தை மாதம் கோயிலில் கல்யாண மந்திரிப்பு. தாயில்லாத வீட்டில் இரண்டு பெண்களையும் வளர்த்த யாகப்பன், மல்லாட்டை மண்டியில் எடை போட்ட கையோடு மகளுக்குப் பெட்டி வாங்க விழுப்புரம் வரைக்கும் போய் வந்திருந்தார். வீடு முழுக்கக் கல்யாணப் பேச்சு. மரியசெல்வியும் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது மூக்கில் வேறொரு வாசனை ஏறியது. கார்பாலிக் மருந்து. அதற்கு அடியில் இன்னொன்று. கொட்டகையில், பாயைத் தூக்கும்போது வரும் வாசனை.

அவள் காலிலிருந்துதான் வந்தது.

லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது மல்லாட்டைக் கொல்லையில் முள் கீறிய கோடுதான் முதலில். பிறகு அது வட்டமானது, ஓரம் கருத்தது. கம்பவுண்டர் கன்னியப்பன் வந்து கழுவிக் கட்டினார். “காலேஜி காலுக்கு நம்ம மண்ணு ஒத்துக்கல” என்று முதல் நாள் கேலி செய்தார். அடுத்த முறை கட்டைப் பிரித்தவர் கேலி செய்யவில்லை. அப்பாவை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். அன்றைக்கு அவளும் குனிந்து பார்த்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே, சதை விலகிய இடத்தில், நடுவில், வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அதே இடம். அதே அளவு. முகாமில் பெரியதம்பியின் காலில் பார்த்த புண்.

*

செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக்காரர் அவர். சிறு வயதிலேயே தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். கொட்டகையில் அவள் யாரையோ “இன்னா வேணும்?” என்று கேட்டது காதில் விழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவர் தலையைத் தூக்கினார். “எந்த ஊரு தங்கச்சி?” என்றார். செஞ்சி என்றதும் அழுதார். அன்றிலிருந்து அவள் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவார்.

தொண்டுக்கு வந்த மாணவர்களுக்கு டாக்டர் ஜெயராமன் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்: கேட்பதையெல்லாம் கொடுக்க நம்மால் முடியாது, விடுமுறை முடிந்தால் நாம் கிளம்பிவிடுவோம், அதனால் நோயாளிகளைக் கேட்க விடாதீர்கள். அதற்கு மனம் நோகாத ஒரு வழி கண்டுபிடித்தது மரியசெல்விதான். நாளைக்குக் கேளுங்க. மற்ற மாணவிகளும் அதையே பழகிக்கொண்டார்கள். நாளைக்கு என்பது அந்தக் கொட்டகையில் பலருக்கும் வரவில்லை. அதனால் அது மிக நன்றாகவே வேலை செய்தது.

பெரியதம்பி ஒரு நாள் தங்கை அமிர்தவல்லியைப் பற்றிச் சொன்னார். சயாம் காட்டில் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தபோது அவளைத்தான் மாற்றாளாகக் கேட்டாராம். “ஒரே ஒரு நாளுன்னுதான் கேட்டேன்.” சரி அண்ணே என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பவில்லை. “அவ பேரு எண்ணிக்கையில ஏறிடுச்சி. நான் படுத்துத் தூங்குனேன் தங்கச்சி. ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா தூங்குனேன்.”

அவர் செத்த அன்று கோரைப்பாயால் மூடியிருந்தார்கள். வேறொரு கொட்டகையில் வேலை முடித்து வந்த மரியசெல்வி பாயின் அருகே நின்றாள். கண்ணீர் வந்தது. ஜெபம் சொன்னாள். திரும்பும்போது, பழக்கத்தில், வாய் தானாகச் சொன்னது.

“போயிட்டு வரேன் அண்ணே.”

கஞ்சி காய்ச்சும் தைலம்மாள் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டாள். “அடிப் பாவி! பொணத்துக்கிட்ட வரேன்னு சொல்லுவாங்களாடி?”

சாவு வீட்டில் வரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். வேதக்காரர்கள் வீட்டிலும் அப்படித்தான். வந்த வழியே பேசாமல் போய்விட வேண்டும். “வாய் தவறிடுச்சி தைலம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தைலம்மாள் சிரிக்கவில்லை. “சொன்னது சொன்னதுதான்” என்றாள்.

ஊர் திரும்பியதும் கல்லூரிக் கூட்டத்தில் பெரியதம்பியின் கதையை மரியசெல்வி மேடையில் சொன்னாள். பெண்கள் அழுதார்கள். அடுத்த விடுமுறைக்கு யார் யார் போகிறீர்கள் என்று கேட்டபோது கைகள் உயர்ந்தன. கைதட்டல் அவளுக்கு இனிமையாகத்தான் இருந்தது. மாற்றாள் பற்றியும் சொன்னாள். வரேன் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதில் என்ன இருக்கிறது?

*

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் இரும்புச் சத்தம் கேட்டது. தினமும் கொஞ்சம் கிட்டே.

ஜன்னலுக்கு வெளியே கொல்லை. கொல்லைக்கு அப்பால், யாரோ கூடையிலிருந்து கொட்டிவிட்டதைப்போல ராஜகிரியின் அடிவாரப் பாறைகள். குழந்தையிலிருந்து பார்த்த பாறைகள். யானைப் பாறை, சட்டிப் பாறை என்று அவளும் லூர்துவும் பெயர் வைத்தவை. மழையில் நனைந்தால் கருத்துப் பளபளக்கும். அன்று அந்தியில், தூறல் திரைக்குப் பின்னால், அவை வரிசையாக இருந்தன.

கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். பாறைகள் வரிசையாக இருக்காது.

இரும்பு அடித்தது. பிறகு ஒரு குரல், அவசரமில்லாமல், எண்ண ஆரம்பித்தது. என்ன எண் என்று கேட்கவில்லை. எண்ணும் தாளம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் வரிசையில் ஒன்று லேசாக அசைந்தது. தாளம் ஓரிடத்தில் நின்றது. அந்த இடத்தில், கறுப்பு உருவங்களுக்கு நடுவே, ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வெற்றிடம். அதன் வழியாக மலை தெரிந்தது.

குரல் மறுபடி முதலிலிருந்து எண்ணியது.

“காத்து ஈரமா வருது, சாத்தட்டுமா?” என்று லூர்து ஜன்னலைச் சாத்தினாள். அவளும் வெளியே பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

மறுநாள் மாலை லூர்து கோயிலுக்குப் போயிருந்தாள். நவம்பர் பிறந்துவிட்டது, மரித்தவர்களுக்கான ஜெபமாலை. அப்பா மண்டியிலிருந்து வரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் யாரோ உட்கார்ந்தார்கள். கட்டில் ஆடவில்லை, வலிக்கவில்லை. அதனால்தான் அவளுக்கு முதலில் தெரியவில்லை. ரப்பர் பால் புளித்த வாசனை வந்ததும் தெரிந்தது.

பெரியதம்பி. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தார். அவர் தம் இரண்டு கால்களையும் நீட்டிக் காட்டினார், புதுச் செருப்பைக் காட்டும் குழந்தையைப்போல. காயமே இல்லை.

“நல்லா தூங்குனேன் தங்கச்சி” என்றார்.

அவள் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டாள்.

“உன்ன ஒண்ணு கேக்கணும், கேக்கணும்னு தவிச்சிக்கிட்டு இருந்தேன். எனக்கு மாத்தாளா வரியான்னு. எப்படிக் கேக்கறது, படிச்ச பொண்ணாச்சே? நீயே வந்து, நான் கேக்காமலே, வரேன்னு சொல்லிட்ட.” அன்போடு அவள் கட்டுப்போட்ட காலைத் தடவினார். “பாவம். வலிக்குதா? வரிசையில போய் நின்னுட்டா வலி தெரியாது. இல்ல, படுத்தே கெடக்கணும்னா வழி உனக்குத் தெரியும். நாந்தான் சொல்லியிருக்கேனே.”

தெருவில் லூர்துவின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு மங்கையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

“அவ உசிர வெச்சிருக்கா உன் மேல” என்றார் பெரியதம்பி. “எங்க அமிர்தவல்லி மாதிரி.”

கதவு திறந்தபோது கால்மாட்டில் யாருமில்லை. ஆனால் அவள் வாய்க்குள் ஏதோ இருந்தது. நாக்கின் அடியில், விழுங்க முடியாத கஞ்சிக் கட்டியைப்போல. ஒரு வாக்கியம்.

*

அன்றிலிருந்து லூர்து அறைக்குள் வரும்போதெல்லாம் அந்த வாக்கியம் பல்லுக்கு வந்தது. மரியசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டாள். போர்வை முனையை வாயில் திணித்துக்கொண்டாள். யார் பாவத்துக்கு யார் போவது? தான் வாய்தவறியதற்குத் தானே போய்விடலாம் என்று இரவெல்லாம் ஜெபித்தாள். ஆனால் கட்டிலில் கிடந்தபடியே தண்டவாளக் கட்டையின் பாரம் தோளில் ஏறியபோது, முதுகில் ஈரப் பிரம்பு விழுந்தபோது, உடம்பு ஜெபத்தைக் கேட்கவில்லை. உடம்பு படுக்கத்தான் விரும்பியது.

அப்பாவைக் கூப்பிட்டாள். “நைனா, லூர்துவத் தொண்டூருக்கு அத்த வூட்டுக்கு அனுப்பிடுங்க. நாளைக்கே.”

யாகப்பன் அவள் காலைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “நானும் அதான் நெனச்சேன் செல்வி. கல்யாணப் பொண்ணு. ஒட்டிக்கிச்சின்னா...” மகள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். “காலையில வண்டி கட்டச் சொல்றேன்.”

அவர் தப்பாகத்தான் புரிந்துகொண்டார். இருக்கட்டும். ஒரு சாயங்காலம். ஒரே ஒரு சாயங்காலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சாயங்காலம் வந்தது. மழை இல்லை. காற்று இல்லை. கூரையில் பல்லிகூடச் சத்தமிடவில்லை. லூர்து விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். அழுது வீங்கிய கண்கள்.

“நீதான் என்ன அனுப்பச் சொன்னியாமே.”

மரியசெல்வி தலையாட்டினாள்.

“அவ்ளோ கசந்து போயிட்டேனா?” கஞ்சியை ஊதினாள். “அம்மா செத்தப்ப எனக்கு இன்னா வயசு? நீதான் தலை வாரின. நீதான் சோறு ஊட்டின. இப்ப உனக்கு ஊட்டறதுக்கு நான் இருக்கக் கூடாதா? கல்யாணமும் வேணா, அந்த மல்லாட்ட மூட்டையும் வேணா. திருப்பி அனுப்பிடுவேன்.”

டக்.

கொல்லையில். வேலிக்கு இந்தப் பக்கம்.

“சாப்பிடுக்கா.”

கரண்டி வந்தது. வாயைத் திறந்தால் வாக்கியம் வரும். திறக்கவில்லை. கஞ்சி மோவாயில் வழிந்தது. லூர்து தாவணி முனையால் துடைத்தாள்.

“நாலஞ்சி நாளா பாக்கறேன். எங்கிட்ட இன்னாவோ கேக்கணும்னு உனக்கு வாய் வரைக்கும் வருது. முழுங்கிக்கற. கேளேன்.”

டக். டக்.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. இடுக்கில் மூச்சு. பலபேருடைய மூச்சு.

பல்லிடுக்கில் மரியசெல்வி சொன்னாள். “நாளைக்கு.”

“நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேனே. இப்பவே கேளு.”

“போயிடு லூர்து.”

“போக மாட்டேன்.” கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அக்காளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சூடான கைகள். மருதாணி வாசனை. “நீ எது கேட்டாலும் சரின்னுதான் சொல்லப் போறேன். மாதா மேல சத்தியம்.”

எண்ணும் குரல் ஆரம்பித்தது. இப்போது வீட்டுக்குள். கூடத்தில். மெல்ல. அவசரமில்லாமல்.

லூர்துவின் தோளுக்குப் பின்னால், அறை வாசலில், ஈரம் சொட்ட அவர்கள் வரிசையாக நின்றார்கள். கால் கட்டைவிரல்கள் ஒரே கோட்டில். முகங்கள் எல்லாம் ஒரு பக்கம் திரும்பியிருந்தன. கடைசியில், கையில் மண்வெட்டியோடு, பதினாறு பதினேழு வயசுப் பெண் ஒருத்தி. நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடம் மரியசெல்வியின் உயரத்துக்கு இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை கொஞ்சம் நெருங்கிக்கொண்டது.

இப்போது அது சற்றுக் குள்ளமாக இருந்தது. லூர்துவின் உயரம்.

எண் நின்றது.

கால்மாட்டில் பெரியதம்பி, காலை நீட்டி, சுகமாக, கண்ணை மூடிக்கொண்டார்.

“கேளுக்கா” என்றாள் லூர்து. சரி என்று சொல்ல அவள் உதடுகள் இப்போதே குவிந்திருந்தன.

போர்வை கைக்கு எட்டவில்லை. வலி எலும்புக்குள் இறங்கியது. பிரம்பு. கட்டை. சேறு. அம்மா. படுக்க வேண்டும். படுத்தால் போதும்.

மரியசெல்வியின் வாய் திறந்தது.

“எனக்குப் பதிலா... ஒரே ஒரு நாளு... நீ போறியா லூர்து?”